பின்பலகைக்குப் பின்னால் ஒன்றரை அடி

ஷார்ஜாவில் ஜவஹர் அலிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஷக் அலி. அரபிக்காரருக்கும் இந்திக்காரருக்கும் ஒருசேரப் புரிகிற சொல் அது. ஷக் என்றால் சந்தேகம். மரவேலைக் கம்பெனி ஒன்றின் வரைபடப் பிரிவில் அவர் வேலை பார்த்தார். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் அங்கே அவரை வைத்திருந்தார்கள்.

ஓட்டல்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அலமாரி செய்து கொடுக்கிற கம்பெனி. கட்டடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் எழுப்பி, அறைக்கு அறை அலமாரியை நிறுத்தியதும், மென்பொருள் தானாகவே ஓர் அட்டவணை போட்டுவிடும். ஷெட்யூல் என்பார்கள். எந்த அறையில் எந்த அலமாரி, நீளம் என்ன, ஆழம் என்ன, உயரம் என்ன, எவ்வளவு கொள்ளும் என்று வரிவரியாக வந்து நிற்கும். மற்றவர்கள் அதை அப்படியே அச்செடுத்து மேலே அனுப்புவார்கள். ஜவஹர் அலி அனுப்பமாட்டார். அலமாரியின் கன அளவு என்ன என்று கேட்டால், மென்பொருள் மரத்தின் கன அளவைத்தான் சொல்லும், மரத்துக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தைச் சொல்லாது. சாமான் வைக்கிறவருக்கு வேண்டியது வெற்றிடம்தானே? அதனால் அவரே ஒரு சூத்திரம் எழுதி, வெளி அளவு, உள் அளவு என்று இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொண்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலகையின் தடிமனைத் தாண்டினால் அந்த வரியைச் சிவப்பாக்கி வைத்துவிட்டு, காரணம் தெரிகிறவரை எழுந்திருக்கமாட்டார்.

ஒருமுறை ஓட்டல் ஒன்றில் ஒரே ஒரு மாடியின் கொள்ளளவு மற்ற மாடிகளைவிடக் கூடுதலாக வந்தது. கூட்டலில் வரும் சில்லறைப் பிசகு, விடு என்றார்கள் எல்லோரும். இவர் விடவில்லை. தேடிப் பார்த்தால், ஓர் அலமாரியின் மேல் அச்சுப் பிசகாமல் இன்னோர் அலமாரி உட்கார்ந்திருந்தது. யாரோ நகல் எடுத்து அதே இடத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் ஒன்று, கணக்கில் இரண்டு. அன்றிலிருந்து, தனக்கு ஒன்று இடறினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பத் தொடங்கினார்.

பிறகு அந்தக் கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. ஜவஹர் அலி காரைக்காலுக்குத் திரும்பினார். ஊர் அதை நம்பவில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர் விடுப்பு முடிந்தும் போகாமல் இருந்தால் தெருவுக்கு வேறு காரணம் வேண்டும். கையாடல் என்றார் ஒருவர். முதலாளியோடு தகராறு என்றார் இன்னொருவர். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடும்போதுகூட யாராவது, “எப்பத் திரும்பப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். தான் மற்றவர்களைப் பார்த்த பார்வை தன்மேல் விழுந்தபோது அவருக்குக் கூசியது. ஆனாலும் தன் பழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை.

நெடுங்காடு போகிற சாலையில் முத்தையன் என்பவர் அலமாரிப் பட்டறை வைத்திருந்தார். அவர் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். பேச வேண்டுமானால் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வரவேண்டும் என்பதால், அவசியமிருந்தால் மட்டுமே பேசுவார். வீட்டை முன்கூட்டியே திரையில் காட்டினால் வாடிக்கைக்காரர்கள் மயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜவஹர் அலிக்குப் பட்டறை மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். ஷார்ஜா ஷெட்யூல் காரைக்காலிலும் ஓடத் தொடங்கியது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்தில் சந்திரா வந்தார். காரைக்கால்மேட்டுக்காரர். ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, நெடுங்காட்டிலும் அதைத் தாண்டிப் பேரளம் பக்கத்திலும் விற்கிறவர். நாற்பதைக் கடந்த வயது. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“உள்ரூம்ல அலமாரி போடணும் பாய். கடைசிச் சுவரு முழுக்க. இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவரு வரைக்கும்.”

ஜவஹர் அலி அறையைத் திரையில் வரைந்தார். “ஆழம் ரெண்டடி வச்சுக்கலாமாம்மா?”

“உள்ள ரெண்டடி போதும். வெளியில மூணரை அடி வரட்டும்.”

அவர் கை நின்றது. “மிச்சம் ஒன்றரை அடி?”

“பின்னால சும்மா கெடக்கட்டும்.”

“சும்மா எதுக்குக் கெடக்கணும்?”

“ஓதம் பாய். கடக்காத்து பட்டுச் சுவரு ஊறிப் போயிருக்கு.”

“ஓதத்துக்கு ரெண்டு இஞ்சு விட்டா போதும்மா.”

“எனக்கு ஒன்றரை அடி வேணும்,” என்றார் சந்திரா. குரலில் கோபம் இல்லை. பேரம் பேச வேண்டாம் என்கிற கறார் இருந்தது. “பின்பலகை ஒரு ஓரமா கழண்டு வரணும். கழட்டுனா மாட்டுனா வெளியில தெரியக் கூடாது. அந்த எடம் எவ்வளவு கொள்ளும், பாத்துச் சொல்லுங்க.”

அவர் கன அடியில் ஓர் எண்ணைச் சொன்னார்.

“அப்படிச் சொன்னா எனக்கு என்ன தெரியும்? உள்ள ஒரு ஆளு குந்தலாமா?”

“ஒரு ஆளா? நாலு பேரு குந்தலாம்.”

அதுவரை இறுகியிருந்த அந்தம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தளர்வு ஜவஹர் அலிக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சந்திரா இன்னொன்றும் சொன்னார்.

“அளவெல்லாம் போட்டு வீட்டுக்கு ஒரு காகிதம் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. அதுல இந்தப் பின்னால உள்ள எடம் வரக் கூடாது பாய்.”

அவர் போன பிறகு ஜவஹர் அலி அட்டவணையைத் திறந்தார். வெளி அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உள் அளவு. ஷார்ஜாவாக இருந்தால் அந்த வரி சிவப்பாக எரிந்திருக்கும். இங்கே அதை மறைத்துக் காகிதம் கொடு என்று வாடிக்கைக்காரரே கேட்கிறார்.

காரைக்காலில் பிறந்த ஒருவருக்கு இப்படிப்பட்ட இடத்தில் முதலில் எது தோன்றுமோ அதுவே அவருக்கும் தோன்றியது. சரக்கு. இங்கே விலை குறைவு. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் விலை வேறு. வாஞ்சூர் செக்போஸ்டில் பால் கேனிலும் வைக்கோலுக்கு அடியிலும் பாட்டில் பிடிபட்ட செய்தி டீக்கடையில் நாள் தவறாமல் அடிபடும். மீன் விற்கிற பெண். ஐஸ் பெட்டி. தினமும் எல்லை தாண்டுகிற வண்டி. நாற்றமடிக்கிற பெட்டியைக் கிளறிப் பார்க்க எந்தக் காவலருக்கு மனசு வரும்?

முத்தையன் கீல்களைப் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டி மதுக்கடையிலிருந்து வந்ததுதான். ஜவஹர் அலி அதை நாடா பிடித்து அளந்தார். அதே அளவில் திரையில் ஒரு பெட்டி செய்து, பின்பலகைக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் வைத்தார். ஆழத்துக்கு ஒரு பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று நகல் எடுத்துக்கொண்டே போனார். இடிக்காமல், பெரிதாக இடைவெளியும் விழாமல் சுவர் முழுக்க அடுக்கிவிட முடிந்தது. கணக்குப் பொருந்திவிட்டால் அதற்குமேல் அவருக்குச் சாட்சி வேண்டியதில்லை.

முத்தையனிடம் சொன்னார். முத்தையன் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

“அலமாரி செய்யுறது நம்ம வேலை பாய். அதுல என்ன வைக்கிறாங்கன்னு பாக்குறது நம்ம வேலையில்ல.”

“நாளைக்குப் போலீஸ் வந்தா?”

முத்தையன் அதற்குள் அடுத்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி பஹீமாவிடமும் சொன்னார். போலீஸை விட வேறொன்று அவரை அதிகமாக அரித்தது. “ஹராமான சாமானை ஒளிச்சு வைக்க என் கையால எடம் வரைஞ்சு குடுத்திருக்கேன். அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்றது?”

“அந்தம்மாகிட்டயே எதுக்குன்னு கேட்டுட வேண்டியதுதானே?” என்றாள் பஹீமா.

“கேட்டேன். ஓதம்னு பொய் சொன்னாங்க.”

“அறிமுகம் இல்லாத ஆம்பளைகிட்ட முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிடுவாங்களா? இன்னொரு தடவ பொறுமையா கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. சந்தேகப்பட்டவரிடம் போய்ச் சந்தேகத்தைக் கேட்கிற வழக்கம் ஷார்ஜாவிலும் இருந்ததில்லை. சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை அளவு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வேண்டுமென்றே ஏலம் நடக்கிற காலை நேரமாகப் பார்த்துக் காரைக்கால்மேட்டுக்கு வண்டியை விட்டார். அந்தம்மா இல்லாதபோது வீட்டைப் பார்க்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அது. சந்திராவின் கணவர் மாணிக்கவேல் வீட்டில் இருந்தார். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். ஒல்லியான, சிரித்த முகம். “வாங்க பாய், வாங்க” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி வந்து போட்டார். ஓடிப்போய்க் கடையிலிருந்து டீ வாங்கி வந்தார்.

ஜவஹர் அலி அளவு எடுத்துக்கொண்டே கண்ணை ஓட்டினார். வீடு மொட்டையாக இருந்தது. நாற்காலி இல்லை. பீரோ இல்லை. சமையலறையில் மிக்ஸியோ அடுப்போ இல்லை. பின்வாசலில் மூன்று கல் கூட்டி விறகு எரித்த கரி இருந்தது. நாலைந்து அலுமினியப் பாத்திரங்கள். கொடியில் கொஞ்சம் துணி. வைப்பதற்கு ஒரு பொருளும் இல்லாத வீட்டுக்குச் சுவருக்குச் சுவர் அலமாரி எதற்கு? அவருடைய சந்தேகத்தில் மிச்சமிருந்த ஓட்டையும் அடைபட்டுப்போயிற்று.

எதிரே உட்கார்ந்திருந்த மாணிக்கவேலைப் பார்த்தார். வந்ததிலிருந்து ஷார்ஜா வெயிலைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார் மனிதர். மகள் ஷர்மிளா நர்சிங் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார். இப்படிப்பட்டவரின் முதுகுக்குப் பின்னால் இது நடக்கிறதே என்று ஜவஹர் அலிக்கு மனம் பொறுக்கவில்லை.

“ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க பாய்.”

“அலமாரிக்குப் பின்னால ஒன்றரை அடி எடம் விடச் சொல்லியிருக்காங்க உங்க வீட்டுல. யாருக்கும் தெரியக் கூடாதாம். அது உங்களுக்குத் தெரியுமா?”

மாணிக்கவேல் டீ கிளாஸுக்குள் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

“தெரியாம என்ன பாய்? ரெண்டு பேரும் பேசித்தானே முடிவு பண்ணோம்.”

“அப்ப சரி. மனசுல ஒரு உறுத்தல், அதான் கேட்டேன்.”

“நல்லதுதான் கேட்டது. எந்த ஓரத்துல தெறக்குற மாதிரி வச்சிருக்கீங்க?”

“இடப்பக்கம். கீழ்ப்பலகையை மேல தூக்கி இழுத்தா வந்துடும்.”

“நல்ல வேலை,” என்றார் மாணிக்கவேல். வண்டி வரை கூடவே வந்தார். “நீங்க வந்து கேட்டதை அவகிட்ட நான் சொல்லல பாய். நீங்களும் சொல்லிக்க வேணாம். சும்மா மனசு சங்கடப்படும்.”

வலை காய்கிற மணலைத் தாண்டி வண்டி திரும்பும்போதுதான் அது இடறியது. இருவரும் பேசி முடிவு செய்தது என்றால், அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாததாக இதில் என்ன இருக்கிறது? வண்டியை மெதுவாக்கினார். பிறகு தனக்குத்தானே ஒரு பதில் சொல்லிக்கொண்டார்: மனைவி செய்வது தெரியாது என்று அயலானிடம் ஒப்புக்கொள்ள எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? பாவம், மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இனி அவர் பார்த்துக்கொள்வார். வண்டி மறுபடி வேகமெடுத்தது.

அலமாரி தயாரானது. மாட்டுகிற அன்று முத்தையனோடு ஜவஹர் அலியும் போனார். மாணிக்கவேல் துறைமுகத்துக்குப் போயிருந்தார். சுவருக்குச் சுவர் அலமாரி நின்றதும் அறை கொஞ்சம் சுருங்கியது போல் தோன்றியதே தவிர, ஆழம் எங்கே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. சந்திரா பின்பலகையை விரலால் தடவிப் பார்த்தார்.

“கோடுகூடத் தெரியல. நல்லா செஞ்சிருக்கீங்க.” அவர் சிரித்து அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள்.

பின்வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சந்திராவின் தங்கை செல்லம் இறங்கினார். ஜவஹர் அலி நகர்ந்து நின்று, பெட்டிகள் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய சேலையில் சுற்றிய மிக்ஸி வந்தது. பித்தளை அண்டாவும் அதற்குள் குத்துவிளக்கும் வந்தன. ஒரு மேஜை விசிறி. இரண்டு பட்டுப்புடவைகள். தோள்பையில் லேப்டாப். கடைசியில் சகோதரிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு கேஸ் சிலிண்டரை இறக்கினார்கள்.

“சிலிண்டரை அடைச்ச எடத்துல வைக்கக் கூடாதும்மா,” என்றார் ஜவஹர் அலி. அந்த நேரத்திலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“வெளியில வச்சா ஒரு வாரம் தங்காது பாய்,” என்றார் சந்திரா. மூச்சு வாங்கிக்கொண்டே, முதல்முறையாக மனம் விட்டுப் பேசினார். “அவரு நல்லவருதான். அடிக்கமாட்டாரு. திட்டக்கூட மாட்டாரு. சாயங்காலமானா ஏதாவது ஒன்னு மட்டும் காணாமப் போயிடும். மிக்ஸி போச்சு. அடுப்பு போச்சு. ஒரு நாள் ஏலத்துலேருந்து வந்து பாக்குறேன், பீரோவையே காணும். பொண்ணோட மொத லேப்டாப்பும் குடிக்குத்தான் போச்சு. மறுநாள் காலையில கண்ணுல தண்ணி விட்டு அழுவாரு. சாயங்காலம் மறுபடியும் போயிடும். மறுபடி வாங்குனதைச் செல்லம் வீட்டுல எத்தன நாளு வச்சிருக்க முடியும்? அதான், சுவத்தோட சேத்து அடிச்ச அலமாரின்னா தூக்க முடியாதில்ல? அதுக்குப் பின்னால வச்சா தெரியாதில்ல?”

முத்தையன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஜவஹர் அலியைப் பார்த்தார். மாணிக்கவேலிடம் பேசியது அவருக்குத் தெரியாது. ஆனால் ஜவஹர் அலியின் முகத்தைப் பார்த்து எதுவோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

ஜவஹர் அலி அலமாரியின் இடப்பக்க ஓரத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம். மாணிக்கவேல் மறந்திருக்கலாம். கிளாஸுக்குள் பார்த்த அந்தப் பார்வை நினைவுக்கு வந்தது. மறந்திருக்கமாட்டார்.

“சந்திராம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இந்த எடம் தெரியும்.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

செல்லத்தின் கையிலிருந்த விசிறி தரையில் இடித்துக்கொண்டு நின்றது. சந்திரா சத்தம் போடவில்லை. ஏலத்தில் விலை கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எப்ப?”

“அளவு எடுக்க வந்தப்ப. நீங்க ஏலத்துக்குப் போயிருந்தீங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணதுன்னு சொன்னாரு.”

“எந்த ஓரம்னு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்மா.”

சந்திரா அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் என்னத்த ஒளிக்கப் போறேன்னு நெனச்சீங்க?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “சரக்கு,” என்றார்.

“அடப்பாவி மனுசா!” என்று செல்லம் கத்தினார். முத்தையன் துப்புவதற்காக வெளியே போனவர் நெடுநேரம் உள்ளே வரவில்லை. சந்திரா தூக்கி வந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணமான நாள்லேருந்து ஒரு பொருளை ஒரு எடத்துல நெலையா வச்சதில்ல பாய். இன்னிக்கு வச்சுட்டு நிம்மதியா தூங்கலாம்னு நெனச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “செல்லம், ஆட்டோவைப் போகச் சொல்லாத.”

ஜவஹர் அலி அண்டாவைத் தூக்க ஓடினார். லேப்டாப் பையை எடுத்தபோது சந்திரா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வேற எடம் போட்டுத் தர்றேன்மா. யாருக்கும் தெரியாம. நானே செலவு பண்ணி.”

“நீங்க போட்டா அது உங்களுக்குத் தெரிஞ்சிடுமே பாய்,” என்றார் சந்திரா.

அன்று மதியம் ஜவஹர் அலி சாப்பிடவில்லை. பஹீமாவிடம் நடந்ததைச் சொன்னார். “அப்பவே சொன்னேனே” என்று அவள் சொல்லியிருந்தால் தேவலை. அவள் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை, “நீங்க வர வேணாம்” என்று சொல்லிவிட்டுத் தனியாகக் காரைக்கால்மேட்டுக்குப் போனாள். வந்த பிறகு அங்கே என்ன பேசினாள் என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பை நிறைய வஞ்சிரம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஒன்றில் ஜும்ஆ தொழுகை முடிந்து பட்டறைக்குத் திரும்பினால் பட்டறை பூட்டியிருந்தது. முத்தையன் சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். பலகை அடுக்கில் ஒன்று குறைந்திருந்தது. எந்த ஆர்டருக்கும் எழுதப்படாத பலகை. “அண்ணே, அந்தப் பலகை…” என்று ஆரம்பித்தார் ஜவஹர் அலி. முத்தையன் உப்பியிருந்த தன் கன்னத்தைச் சுட்டிக்காட்டினார், இப்போது பேச முடியாது என்பதுபோல. ஜவஹர் அலி மேலே கேட்கவில்லை. அது அந்தம்மாவுக்காகத்தான் போயிருக்கும். எங்கே என்பது தனக்கு வேண்டாம்.

சில நாள் கழித்து மாணிக்கவேல் பட்டறைக்கு வந்தார். அதே சிரிப்பு; சவரம் செய்த முகம்; பிள்ளைகளைப் பற்றிய அதே விசாரிப்பு.

“பாய், அலமாரிக்குப் பின்னால ஒன்னுமே இல்லையே. வெறும் எடமால்ல கெடக்கு.”

“ஓதத்துக்கு விட்டதுதானே?” என்றார் ஜவஹர் அலி.

“ஆமாமா. இல்ல, வேற எங்கயாவது எடம் போட்டுக் குடுத்தீங்களோன்னு கேட்டேன். நமக்குள்ளதான். அவ மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க.”

ஜவஹர் அலி திரையை அவர் பக்கம் திருப்பினார். “எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நீங்களே பாத்துக்குங்க.”

மாணிக்கவேல் குனிந்து, ஒரு வரி விடாமல் அட்டவணையைப் பார்த்தார். இது என்ன, அது என்ன என்று பொறுமையாகக் கேட்டார். முத்தையன் அதற்குள் மேஜைமேல் கிடந்த டிரில்லிங் மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். “சரி பாய், தப்பா நெனச்சுக்காதீங்க,” என்று கும்பிட்டுவிட்டு மாணிக்கவேல் போனார். இப்படி ஒரு கும்பிடைப் பார்த்துப் பயந்தது ஜவஹர் அலிக்கு அதுதான் முதல்முறை.

நோன்பு நெருங்கியபோது, கஞ்சி காய்ச்சுகிற பெரிய சட்டியை எடுக்க வீட்டுப் பரணில் ஏறினார். பஹீமா முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். சட்டிக்குப் பின்னால் துழாவிய அவர் கை, எட்ட வேண்டிய தூரத்துக்கு முன்பே பலகையில் முட்டியது. நாடா தேவைப்படவில்லை. எத்தனை அடி குறைகிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். பட்டறையில் குறைந்த பலகையும், அந்த வெள்ளிக்கிழமை தான் பள்ளிவாசலில் இருந்தபோது இந்த வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்பதும், கல்லூரி விட்டு வருகிற ஷர்மிளா சமீபமாகப் பஹீமாவிடம் தையல் கற்க வருவதும் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன.

“என்ன?” என்றாள் பஹீமா கீழேயிருந்து.

“பரண்ல எடம் கொஞ்சம் கம்மியா இருக்கு.”

“சாமான் சேந்து போச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் முக்காலியை விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் இறங்கினார்.

மாணிக்கவேல் அதற்குப் பிறகும் சிலமுறை வந்தார். ஜவஹர் அலி ஒவ்வொரு முறையும் திரையைத் திருப்பிக் காட்டினார். பரணில் இருப்பதை மறைக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு இரவில் தூக்கம் சரியாக வரவில்லை. ஆனால் வாய் தவறவில்லை.

அடுத்த ஆண்டு ஷர்மிளாவுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு சின்ன வீடும் பார்த்தார்கள். சாமான்களை அங்கே அனுப்பச் சந்திரா ஓர் ஆட்டோவோடு ஜவஹர் அலியின் வீட்டு வாசலுக்கே வந்தார். பஹீமா கணவர் கண் முன்னாலேயே பரணைத் திறந்து சாமான்களை இறக்கினாள். யாரும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும் பாய்,” என்றார் சந்திரா, அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டியபடி.

“எப்படி?”

“கஞ்சிச் சட்டி எடுக்க ஏறுன அன்னிக்கே பஹீமா அக்கா போன் பண்ணிச்சு. எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திடலாமான்னு கேட்டுச்சு. ஒரு மாசம் பாப்போம்னு சொன்னேன்.”

தன் வீட்டிலேயே தன்னை ஒரு மாதம் வேவு பார்த்திருக்கிறார்கள் என்று ஜவஹர் அலிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். சந்திரா முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் மாணிக்கவேல் பட்டறைப் பக்கம் வந்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம்தான் என்றார் ஜவஹர் அலி.